‘ஸ்டொமாட்டோபோடா’வுக்குப் பொருள் தேடுகிறவர்களுக்கு வோர்ம்ஸ் பதிவேடு எவ்வளவு உதவும்?

சிறுவர்களுக்கான கடலுயிர்க் கட்டுரை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருந்தபோது, ‘ஸ்டொமாட்டோபாட்’ என்ற ஒற்றைச் சொல்லில் இரண்டு நாள் நின்றுவிட்டேன். கும்பிடுபூச்சியைப் போல முன்கால்களை மடக்கி வைத்துக்கொண்டு, இறாலைப் போல நீண்ட உடலோடு, ஆனால் இறால் இனத்திலும் நண்டு இனத்திலும் சேராமல் கடலடியில் வளை தோண்டி வாழும் ஓர் உயிரினக் கூட்டத்துக்கு அறிவியலார் வைத்திருக்கும் பெயர் அது. ஆண்டுச் சந்தா கட்டி நான் பயன்படுத்திவந்த அகராதிச் செயலி ஒன்றில் அதைத் தேடியபோது ‘இலைத்துளைப் பாதம்’ என்று விடை வந்தது. செயலியின் பெயர் இங்கே வேண்டாம். அது செய்த பிழை மட்டும் நமக்குப் பயன்படும். ‘ஸ்டோமா’ என்றால் கிரேக்கத்தில் வாய். தாவரத்தின் இலை காற்றை உள்வாங்கும் நுண்துளைக்கும் அதே சொல்லைத்தான் தாவரவியலார் எடுத்துக்கொண்டார்கள். செயலி சொல்லை இரண்டாக வெட்டியது சரி. வெட்டிய முன்பாதியைக் கடலில் தேடாமல் தோட்டத்தில் தேடியதுதான் கோளாறு.

அதன்பிறகு நான் போய் நின்ற இடம், உலகக் கடல்வாழ் உயிரினப் பதிவேடு. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘வோர்ம்ஸ்’ என்று அழைக்கிறார்கள்; ‘புழுக்கள்’ என்றும் அதற்குப் பொருள் வரும் என்பது பெயர் வைத்தவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. பெல்ஜியத்தின் ஓஸ்டெண்ட் நகரில் இருக்கும் ஃபிளாண்டர்ஸ் கடல் நிறுவனம் இதைப் பராமரிக்கிறது. கடலுயிர்களுக்கு இதுவரை வைக்கப்பட்ட அறிவியல் பெயர்களில் எது இன்று செல்லும், எது செல்லாது, செல்லாததற்கு ஈடான பெயர் எது என்பதை அந்தந்தக் கூட்டத்தில் தேர்ந்த வகைப்பாட்டியலாளர்களே தொகுப்பாளர்களாக இருந்து பதிந்து வைக்கிறார்கள். தேடுவதற்குக் கட்டணம் இல்லை, கணக்கும் தொடங்க வேண்டியதில்லை. ஒரு சொல்லின் பொருளையும் வழக்கையும் அறிய விரும்புகிற எழுத்தாளருக்கோ மொழிபெயர்ப்பாளருக்கோ இது எவ்வளவு பயன்படும் என்ற கேள்வியோடு, ‘ஸ்டொமாட்டோபோடா’ என்ற இந்த ஒரு சொல்லை மட்டும் கையில் வைத்துக்கொண்டு சில வாரங்கள் இதில் உலவினேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: இது அகராதி அன்று. ‘ஸ்டொமாட்டோபோடா’ என்று தட்டினால், ‘ஸ்டொமாட்டோபோடா லாத்ரேய், 1817’ என்ற தலைப்பும், அது ஏற்கப்பட்ட பெயர் என்ற குறிப்பும், வகைப்பாட்டில் அதன் படி ‘வரிசை’ என்ற தகவலும், அதற்கு மேலும் கீழும் உள்ள பெயர்களின் ஏணியும் வருகின்றன. பெயருக்குப் பின்னால் நிற்கும் லாத்ரேய், பிரான்சின் பியேர் ஆந்த்ரே லாத்ரேய். 1817 என்பது அப்பெயர் அச்சில் வந்த ஆண்டு. சொல்லுக்குப் பொருள் என்ன என்று கேட்டு வருகிறவருக்கு அந்தப் பக்கம் நேரடியாக எதுவும் சொல்வதில்லை. ஆனால், அந்த ஏணியை மேலிருந்து கீழாக நிதானமாகப் படித்தால் பொருளில் பாதி தானே வந்து சேர்கிறது என்பதுதான் எனக்குக் கிடைத்த முதல் வியப்பு. கணுக்காலிகள், அவற்றுள் ஓட்டுடலிகள், அவற்றுள் மலகோஸ்ட்ரகா வகுப்பு, அதற்குள் ஹோப்ளோகாரிடா என்ற துணை வகுப்பு, அதன் கீழ் நம் ஸ்டொமாட்டோபோடா. இறாலும் நண்டும் சிங்கி இறாலும் இருக்கும் பத்துக்காலிகள் வரிசையும் அதே மலகோஸ்ட்ரகாவுக்குள்தான் இருக்கிறது. ஆனால் அது வேறு துணை வகுப்பு. ஆங்கிலத்தில் ‘மேன்டிஸ் ஷ்ரிம்ப்’ என்று அழைக்கப்படும் இந்த உயிரி கும்பிடுபூச்சியும் இல்லை, இறாலும் இல்லை என்பதை ஒரு விளக்கமும் எழுதாமல் அந்த ஏணியே காட்டிவிடுகிறது.

இனிப் பொருளுக்கு வருவோம். ஸ்டோமா என்றால் வாய். போடா என்பது காலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பன்மை ஈறு. ‘வாய்க்கால் உடையவை’ என்று நேராகப் பெயர்த்துவிடலாம். தமிழில் அப்படிப் பெயர்த்தால் வயலுக்குத் தண்ணீர் பாயத் தொடங்கிவிடும் என்ற சிக்கலைப் பிறகு பார்க்கலாம். இவ்வுயிரின் நெஞ்சுப்பகுதியில் எட்டு இணைக் கால்கள் உண்டு. அவற்றில் முன்னுள்ள ஐந்து இணைகள் நடப்பதற்கு உதவுவதில்லை. வாயை ஒட்டி அமைந்து, பிடிக்கவும் துடைக்கவும் உணவை வாய்க்குள் தள்ளவும் பயன்படுகின்றன. நடப்பதற்கு மிஞ்சுவது பின்னுள்ள மூன்று இணைகளே. பெயரின் பொருத்தம் இங்கேதான் இருக்கிறது. அந்த ஐந்தில் இரண்டாம் இணை மிகப் பெரிதாக வளர்ந்து, சில இனங்களில் முட்கள் வரிசையாக நிற்கும் ஈட்டியாகவும் சில இனங்களில் சம்மட்டியாகவும் ஆகிவிட்டது. 2004ஆம் ஆண்டு ஷீலா பட்டேக்கும் அவருடைய குழுவினரும் அதிவேகப் படக்கருவியால் அளந்தபோது, மயில்நிறக் கும்பிடுபூச்சி இறாலின் அடி விநாடிக்கு 14 முதல் 23 மீட்டர் வேகத்தில் பாய்வது தெரியவந்தது. கண்ணாடித் தொட்டியை உடைக்கும் உயிர் என்று காணொளிகளில் வியந்து காட்டுவார்களே, அந்த அடியைக் கொடுப்பதும் ஒரு ‘வாய்க்கால்’தான்! பெயரை வைத்த லாத்ரேய்க்கு இந்த வேகம் தெரிந்திருக்க வழியில்லை.

மேலே உள்ள ஹோப்ளோகாரிடா என்ற பெயரையும் இதனோடு வைத்துப் படிக்க வேண்டும். 1904இல் கால்மன் வைத்த பெயர் அது; ஹோப்ளோன் என்றால் படைக்கலம், காரிஸ் என்றால் இறால். ‘படைக்கலம் ஏந்திய இறால்’. இறால் இல்லை என்று பிரித்து வைத்த அறிவியலாரே பிரித்த கூட்டத்துக்கு இறால் என்று பெயரிட்டிருக்கிறார்கள். ஆகவே மக்கள் இதை இறால் என்று சொன்னால் அதைப் பாமரப் பிழை என்று ஏளனம் செய்வதற்கு இடமில்லை.

சொற்பிறப்பைப் பிடித்துக்கொண்டு வரையறை செய்ய முயல்கிறவர்கள் இங்கே சறுக்கி விழுவார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். வாயை ஒட்டிய கால்கள் இறாலுக்கும் நண்டுக்கும் உண்டு. அவற்றுக்கு மூன்று இணை, இவற்றுக்கு ஐந்து. ‘வாய்க்கால் இருந்தால் ஸ்டொமாட்டோபாட்’ என்று யாராவது எழுதினால் பாதி மீன்சந்தையும் அதில் அடங்கிவிடும். பெயரின் பொருள் ஓர் அடையாளக் குறிப்பு. வரையறை என்பது வேறு. நாம் நீர்யானை என்கிற விலங்கைக் கிரேக்கர்கள் ஆற்றுக்குதிரை என்றார்கள். அது யானையும் அன்று, குதிரையும் அன்று. ஆனாலும் இரு மொழிக்காரர்களும் குழப்பமில்லாமல் பிழைத்துக்கொண்டோம்.

வோர்ம்ஸ் எனக்குப் போதாமல் போனது சொல்லின் வரலாற்றைத் தேடியபோதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டு நூல்களில் இப்பெயர் ‘ஸ்டொமாபோடா’ என்று ஓர் அசை குறைவாகவே பெரும்பாலும் அச்சாகியிருக்கும். அசையை விடப் பெரிய வேறுபாடு, அன்று அதன் எல்லை இன்றையதைவிட அகலமாக இருந்ததுதான். 1837இல் மில்ன் எட்வர்ட்ஸ் இந்தப் பெயரின் கீழ் மைசிஸ் என்ற சின்னஞ்சிறு ஓட்டுடலிகளையும், ஃபில்லோசோமா என்று அழைக்கப்பட்ட, கண்ணாடித் தாள் போன்ற உயிர்களையும் சேர்த்தே வைத்திருந்தார். அதற்கும் முன்பே லாத்ரேய் இக்கூட்டத்தை முதுகுக் கேடயம் ஒன்றா இரண்டா என்று பார்த்து, ஒற்றைக் கேடயமுள்ளவற்றை யூனிபெல்டாட்டா என்றும் இரட்டைக் கேடயமுள்ளவற்றைப் பைபெல்டாட்டா என்றும் பிரித்தார். பின்னாளில் பார்த்தால், அந்த இரட்டைக் கேடய உயிர்கள் தனி உயிர்களே அல்ல. சிங்கி இறாலின் குஞ்சுப் பருவம். பைபெல்டாட்டா என்ற பெயர் அத்தோடு அவிந்தது. யூனிபெல்டாட்டா மட்டும் இன்றும் இருக்கிறது. உயிரோடிருக்கும் ஸ்டொமாட்டோபாட்கள் அனைத்தும் அந்தத் துணை வரிசைக்குள்தான் வருகின்றன. இணையை இழந்த அந்தப் பெயரைப் படிக்கிற ஒருவருக்கு ‘ஏன் ஒற்றை?’ என்று கேட்கத் தோன்றும். வோர்ம்ஸ் பக்கம் யூனிபெல்டாட்டா என்ற பெயரையும் ஆளையும் ஆண்டையும் தருகிறது, காரணத்தைத் தருவதில்லை. பதிவேட்டிடம் கதை கேட்பது முறையன்று என்பது எனக்கும் தெரியும். பத்திரப்பதிவு அலுவலகத்தில் போய்க் குடும்ப வரலாறு கேட்பதைப் போன்றது அது. ஆனாலும் பொருள் தேடி வருகிறவர் இந்த எல்லையை முன்னரே அறிந்துகொண்டு வருவது நல்லது.

இதற்கு ஈடுசெய்வது போல, பெயர்களின் வழக்கை இது காட்டும் விதத்துக்கு இணையாக வேறொன்றை நான் பார்த்ததில்லை. நமது கடற்கரைக்கு உரிய எடுத்துக்காட்டு ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். இந்தியாவின் இரு கரைகளிலும் இழுவலையில் மிகுதியாக அகப்படும் ஸ்டொமாட்டோபாட் ஒன்று உண்டு. கறிக்குப் போவதைவிடக் காய்ந்து கோழித்தீவனமாகவும் எருவாகவும் போவதே அதிகம் என்பதால் பலர் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் சேகரிப்பை வைத்து ஸ்டான்லி கெம்ப் 1913இல் வெளியிட்ட பெருநூலில் அது ‘ஸ்குவில்லா நேப்பா’. எழுபதுகளுக்குப் பின் வந்த மீன்வள ஆய்வுக் கட்டுரைகளில் ‘ஒராட்டோஸ்குவில்லா நேப்பா’. 1995இல் ரேமண்ட் மானிங் அதை ‘மியாகியா’ என்ற புதிய பேரினத்துக்கு மாற்றினார். அந்தப் பெயரை ஏற்கெனவே அந்துப்பூச்சி ஒன்றுக்கு வைத்துவிட்டார்கள் என்பதால் 2013இல் ஷேன் அஹ்யோங்கும் லோவும் ‘மியாகெல்லா’ என்று திருத்தினார்கள். ஆக, ஒரே உயிரி நூறாண்டில் நான்கு பேரினப் பெயர்களில் நடமாடியிருக்கிறது. தனித்தனியாக இக்கட்டுரைகளைப் படிக்கிற மாணவர், நான்கு வேறு உயிர்கள் நம் கடலில் இருப்பதாக எழுதிவிடக்கூடிய ஆபத்து உண்மையானது. வோர்ம்ஸில் இந்நான்கில் எதைத் தட்டினாலும் கடைசியில் ‘மியாகெல்லா நேப்பா’ என்ற பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. பழைய பெயர்கள் அழிக்கப்படாமல், ‘ஏற்கப்படாதவை’ என்ற குறிப்போடு அங்கேயே இருக்கின்றன. நேப்பா என்றால் லத்தீனில் தேள். மூன்று முறை வீடு மாறியும் அந்தத் தேள் மட்டும் மாறவில்லை என்பதைக் கவனித்தால், பேரினப் பெயர் மாறும், சிற்றினப் பெயர் பெரும்பாலும் நிலைக்கும் என்ற வகைப்பாட்டியல் விதி தானே மனதில் பதிந்துவிடும்.

பெயருக்குப் பின்னால் வரும் பிறைக்குறியைப் பற்றியும் இதே பக்கங்களில்தான் தெளிவு கிடைத்தது. மத்தியதரைக் கடலின் ‘ஸ்குவில்லா மான்டிஸ்’ என்ற பெயருக்குப் பின்னால் லின்னேயஸ், 1758 என்பது பிறைக்குறிக்குள் இருக்கும். லின்னேயஸ் அதை முதலில் ‘கான்சர்’ என்ற நண்டுப் பேரினத்தில்தான் வைத்தார், பிறகு வேறொருவர் மாற்றினார் என்பதற்கான அடையாளம் அந்தப் பிறைக்குறி. பேரினம் மாறாதிருந்தால் பிறைக்குறி வராது. நம் இதழ்களில் அச்சுக்கோப்பவர் இடத்தை மிச்சப்படுத்த அந்தப் பிறைக்குறியை நீக்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். நீக்குவது அழகுக்காக இருக்கலாம், ஆனால் ஒரு செய்தியும் அதோடு போய்விடுகிறது.

தேடல் பெட்டியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மயில்நிறக் கும்பிடுபூச்சி இறாலின் பெயர் ‘ஒடொன்டோடாக்டைலஸ் ஸ்கைலாரஸ்’. அதன் பின்பாதியை மட்டும் தட்டினால் ‘ஸ்கைலாரஸ்’ என்ற பேரினமும் முன்னால் வந்து நிற்கும். அது தட்டையான மணல் சிங்கி இறாலின் குடும்பத்தைச் சேர்ந்தது, ஸ்டொமாட்டோபாட் அன்று. அதேபோல ‘அலிமா’ என்பது ஸ்டொமாட்டோபாட் குஞ்சுப் பருவம் ஒன்றுக்கான சொல்லாகவும் ஆய்வுக் கட்டுரைகளில் வரும், பேரினப் பெயராகவும் பதிவேட்டில் இருக்கும். குஞ்சைத் தனி உயிர் என்று எண்ணிப் பெயர் வைத்த காலத்தின் எச்சம் அது. எந்த இடத்தில் எந்தப் பொருள் என்பதைச் சுற்றியுள்ள வாக்கியம்தான் சொல்ல வேண்டும். சிற்றினப் பெயர்களின் நகைச்சுவைக்கும் இங்கே பஞ்சமில்லை: ‘கோனோடாக்டைலஸ் கைராக்ரா’ என்பதில் உள்ள கைராக்ரா, கையில் வரும் கீல்வாத வீக்கத்துக்கான பழைய மருத்துவச் சொல். அதன் சம்மட்டிக் காலின் அடி பருத்திருப்பதைப் பார்த்தால், 1781இல் ஃபாப்ரீசியஸ் ஏன் அப்படிப் பெயரிட்டார் என்பது புரியும்.

தமிழில் எழுதுகிறவருக்கு உரிய சிக்கல்களைப் பதிவேடு தீர்க்காது. அவற்றை நாம்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஆங்கிலத்தில் வரிசையின் முறைப்பெயரைப் பெரிய எழுத்தில் தொடங்கி எழுதுவார்கள், ஆனால் சாய்க்க மாட்டார்கள். பேரினமும் சிற்றினமும் மட்டுமே சாய்வெழுத்தில் வரும். தனி உயிரைப் பொதுவாகக் குறிக்கையில் ‘ஸ்டொமாட்டோபாட்’ என்று சிறிய எழுத்தில் எழுதுவார்கள். தமிழில் பெரிய எழுத்து சிறிய எழுத்து என்பது இல்லாததால், இந்த வேறுபாட்டைச் சொல்லின் ஈறு மட்டுமே சுமக்க வேண்டியிருக்கிறது. ஆகவே, வரிசையைக் குறிக்கும்போது ‘ஸ்டொமாட்டோபோடா’ என்றும், உயிரைக் குறிக்கும்போது ‘ஸ்டொமாட்டோபாட்’ என்றும் கட்டுரை முழுவதும் கறாராகப் பிரித்து எழுதுவதே நல்லது என்பது என் முடிவு. ‘ஸ்டொமாட்டோபோடாக்கள்’ என்று எழுதுவதைத் தவிர்க்கலாம். அந்த ‘போடா’விலேயே பன்மை இருக்கிறது. (பேச்சுத் தமிழ்க் காதுக்கு அந்த ஈறு ஒலிக்கும் விதத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.) கொச்சியில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தன் மீன்பிடிப்புக் கணக்குகளில் இறால், நண்டு, சிங்கி இறால் இவற்றோடு ஸ்டொமாட்டோபாட்களையும் தனி இனமாகக் காட்டுகிறது. அங்கே அச்சொல் வணிகத் தொகுதியின் பெயர். அதை மொழிபெயர்க்கையில் வகைப்பாட்டு விளக்கங்களைத் திணிக்கத் தேவையில்லை. கல்லூரி விலங்கியல் படித்தவர்கள் ‘ஸ்குவில்லா’ என்று பொதுவாகச் சொல்வதும் வழக்கில் உண்டு. இன்றைய வரையறையில் ஸ்குவில்லா ஒரு பேரினம் மட்டுமே, முழு வரிசையும் அன்று. வரிசையில் 450க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் இருக்கின்றன.

பதிவேட்டில் பொதுப்பெயர்களுக்கு ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறார்கள். அறிவியல் பெயர்களில் காட்டும் இறுக்கத்தை அந்தப் பகுதியில் எதிர்பார்க்கக்கூடாது. சில மொழிகளுக்கு நிறைய, சிலவற்றுக்கு மிகக் குறைவு. ஆனால் இந்த உயிரின் சுவையே அதன் ஊர்ப்பெயர்களில்தான் இருக்கிறது. மலாய்க்காரர்களுக்கு இது ‘உடாங் லிப்பான்’, பூரான் இறால். பிலிப்பைன்ஸில் ‘அலுபிஹாங் டாகாட்’, கடற்பூரான். ஜப்பானிய சுஷிக் கடையில் ‘ஷாகோ’. வெனிஸ் பக்கத்து உணவகத்தில் ‘கனோக்கியா’. ஹாங்காங்கில் இதைத் தூக்கினால் நீரைப் பீய்ச்சுவதால் ‘சிறுநீர் கழிக்கும் இறால்’ என்ற பெயர். அந்தப் பெயரோடே அதை மிளகும் உப்பும் இட்டு வறுத்து விரும்பி உண்கிறார்கள். முடக்கிய கைகளைக் கண்டு லின்னேயஸ் மான்டிஸ் என்றார். ஜப்பானிய இனத்துக்குத் தெ ஹான் 1844இல் ‘ஒராட்டோரியா’ என்று பெயர் வைத்தார், அதுவும் இறைஞ்சுவதைக் குறிப்பதே. தமிழில் அந்தப் பூச்சியைக் கும்பிடுபூச்சி என்கிறோம். கண்ணால் பார்த்தவர்கள் எல்லோருக்கும் ஒரே தோற்றம்தான் தெரிந்திருக்கிறது; வாயருகே உள்ள காலை எண்ணிப் பார்த்தவர் லாத்ரேய் ஒருவரே.

சேவையின் மற்றப் பயன்களில் ஒன்றைச் சொல்ல வேண்டும். பழைய நூல் ஒன்றிலிருந்து எடுத்த பெயர்ப்பட்டியலைக் கோப்பாக ஏற்றினால், எழுத்துப்பிழைகளையும் ஓரளவு பொறுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் இன்றைய பெயரைப் பக்கத்தில் இட்டுத் திருப்பித் தருகிறது. கெம்பின் நூலிலிருந்து ஒரு பட்டியலை இப்படி மாற்றிப் பார்த்தபோது, ஒரு பிற்பகல் வேலை தேநீர் ஆறுவதற்குள் முடிந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அதை எப்படி மேற்கோள் காட்டவேண்டும் என்ற வாசகமும், எப்போது திருத்தப்பட்டது என்ற குறிப்பும் இருக்கின்றன. அச்சு அகராதியில் இல்லாத நேர்மை இது. குறைகள் என்றால், முகப்பு முழுவதும் ஆங்கிலம். ‘ஏற்கப்படாத பெயர்’, ‘மூலப்பெயர்’, ‘நேரடிக் கிளைகள்’ போன்ற தலைப்புகளைப் புரிந்துகொள்ள வகைப்பாட்டியல் அரிச்சுவடி தெரிந்திருக்க வேண்டும். ஒலிப்பு இல்லை. சொற்பிறப்பை நம்பி வரக்கூடாது. பள்ளி மாணவருக்கு நேரடியாக இதைக் காட்ட மாட்டேன். ஆசிரியருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஐந்துக்கு நான்கு.

நான் எடுத்துக்கொண்ட வேலை எப்படி முடிந்தது என்றால், தலைக்காலி, வயிற்றுக்காலி என்று தமிழ்ப் பாடநூல்கள் ஏற்கெனவே பழக்கிவைத்த வரிசையிலேயே ‘வாய்க்காலி’ என்று எழுதி, முதல் முறை வரும் இடத்தில் ‘ஸ்டொமாட்டோபாட்’ என்று பக்கத்தில் சேர்த்து, ஐந்து இணைக் கால்களைப் பற்றி ஒரு வரி விளக்கமும் கொடுத்து அனுப்பினேன். மெய்ப்புப் படி திரும்பி வந்தபோது, பதினொரு இடங்களிலும் ‘வாய்க்கால்’ என்று சிவப்பு மையில் திருத்தப்பட்டிருந்தது. ஓரத்தில், “இவை நன்னீரில் வாழ்பவையா?” என்ற கேள்வியும் இருந்தது.